எங்கள் பஸ்ஸின் படைத்தளபதி

ஓடுகிற பஸ்ஸின் கண்ணாடியில் ஒருவனைப் பார்த்தே, அவன் இடுப்பில் என்ன வியாதி என்று சொல்லக்கூடியவர் இந்தப் பூமியில் ஒருவர்தான். அவர் டாக்டர் இல்லை. சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில் எங்கள் கம்பெனி பஸ் ஓட்டிய டிரைவர். படர்தாமரைக்குப் படை என்றும் பெயர் உண்டல்லவா? அதை எதிர்த்துப் போரிட்டவர் என்பதால், எங்களுக்கு அவர் படைத்தளபதி.

இரண்டாயிரத்துப் பத்து வாக்கில் நான் கோவில்பட்டிப் பக்கமிருந்து வேலைக்கு வந்தவன். ஓர் அறையில் எட்டுப் பேர். வெயிலே படாத ஒரு கொடி. அதில் எட்டுப் பேருக்கும் பொதுவாக மூன்று துண்டு.

ஒருநாள் பஸ்ஸில் தளபதியின் குரல் வெடித்தது.

"ஏய், நாலாவது சீட்டு! இன்னா, வீணை வாசிச்சிக்கினு கீறே?"

பஸ்ஸே என்னைத் திரும்பிப் பார்த்தது. "வேர்க்குருண்ணே" என்றேன்.

"வேர்க்குரு வட்டமா கோலம் போடாதுபா. ஓரம் செவந்து, நடுவுல மங்கி, மோதிரம் மாரி கீதா இல்லியா?"

இருந்தது. சட்டையை நான் தூக்கியதே இல்லை. அறைத் தோழர்களிடம்கூடச் சொன்னதில்லை. ஊரில் பெண் பார்க்க அம்மா கூப்பிட்டபோதும் இதற்கு வெட்கப்பட்டு, லீவு இல்லை என்று பொய் சொல்லியிருந்தேன்.

எல்லோரும் இறங்கியதும், "இன்னா தடவுறே?" என்றார். மெடிக்கல் ஷாப்பில் நானே கேட்டு வாங்கிய ட்யூபைக் காட்டினேன். இரண்டே நாளில் அரிப்பைத் துரத்தி, நிறுத்தியதும் இரண்டு மடங்காகக் கூட்டிவரும் அதிசய ட்யூப் அது.

தளபதி தன் பேன்ட்டைத் தொடைவரை சுருட்டினார். புலிக்கு இருப்பதுபோல் வரிவரியாகத் தழும்பு.

"இதுல ஸ்டீராய்டு கலந்து கீது. ரெண்டு வருசம் நானும் தடவுனேன். பூஞ்சைக்கு சோறு போட்டு வளக்குற மருந்து இது. தோலு காயிதம் மாரி ஆயிடும். நாளைக்கு ஆஸ்பத்திரி. நீ மட்டும் இல்ல, ரூமே வரணும்."

மறுநாள் காலை, நைட் ஷிப்ட் முடிந்து மற்றவர்களை இறக்கிவிட்டு, கம்பெனி பஸ்ஸை அரசு ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். வரிசையாக நின்ற எட்டுப் பேரையும் பார்த்த டாக்டரம்மா, "எல்லாரும் ஒரே குடும்பமா?" என்றார்.

"இல்லம்மா, ஒரே துண்டு" என்றார் தளபதி.

அந்த அம்மா சிரித்து முடித்துத்தான் சீட்டு எழுதினார். வட்டத்துக்கு வெளியேயும் இரண்டு விரல் தள்ளித் தடவ வேண்டும். மறைந்த பிறகும் இரண்டு வாரம் நிறுத்தக் கூடாது. ஆளுக்கொரு துண்டு. குளித்ததும் ஈரம் போகத் துடைக்க வேண்டும். இறுக்கமான ஜீன்ஸ் ஆகாது.

ஞாயிற்றுக்கிழமை தளபதி வாடகைப் பாத்திரக் கடையிலிருந்து பிரியாணி அண்டா ஒன்றை எங்கள் மொட்டை மாடிக்கு ஏற்றினார். கொஞ்ச நேரத்தில் மேலே வந்த கடைக்காரர், "இன்னா விசேசம்?" என்று எட்டிப் பார்த்தார். உள்ளே எட்டுப் பேரின் ஜட்டிகளும் கொதித்துக்கொண்டிருந்தன. அண்டாவை அவர் திரும்ப வாங்கவேயில்லை.

பத்தாம் நாள் அரிப்பு நின்றது. மருந்தை நிறுத்தினேன். அதையும் கண்ணாடியில் எப்படிக் கண்டாரோ!

"தடவுறியா?"

"சரியாயிட்டுண்ணே."

பிரேக் அடித்தார். "செவப்புதான் போச்சு, வேரு உள்ளயே கீது! தடவு!"

"தடவு! தடவு!" என்று நாற்பது பேர் கோஷம் போட்டார்கள். அன்றிரவே தடவினேன். முழுக்கக் குணமானேன். பெண் பார்க்கவும் போனேன்.

ஆனால் ஆஸ்பத்திரிக்கு வண்டி போன கதை மேலே போய்விட்டது. தளபதியை வேறு ரூட்டுக்கு மாற்றினார்கள். நாங்கள் எட்டுப் பேரும் டிரான்ஸ்போர்ட் மேனேஜர் முன்னால் நின்று, ஒரே நேரத்தில் சட்டையைத் தூக்கிக் குணமான இடுப்பைக் காட்டினோம்.

"யோவ், இறக்குங்கய்யா!" என்று பதறினார். விவரத்தைக் கேட்டவர், தொடையைச் சொறிந்தபடி, "அந்த டாக்டரம்மா என்னைக்கெல்லாம் வராங்க?" என்று மெதுவாகக் கேட்டார்.

திங்கட்கிழமை தளபதி எங்கள் வண்டிக்கே திரும்பினார். வழி முழுக்க யாரையும் அதட்டவில்லை. கம்பெனி கேட்டில் எல்லோரும் இறங்கினார்கள். நாங்கள் எட்டுப் பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

"எறங்குங்கபா, பஞ்ச் லேட்டாவுது" என்று கண்ணாடியைத் துடைத்தார்.

அன்று எட்டுப் பேருக்கும் லேட் விழுந்தது.