வெர்லினின் வெள்ளிப் போர்வை

இந்தக் கோடையில் மச்சான் வீட்டு சோபாவில் படுப்பதில்லை என்று வெர்லின் டிரைலிங் சபதம் எடுத்தான். எடுத்த இடம் மாதாகோயில் வாசல், ஞாயிறு பூசை முடிந்த கையோடு. ஆகவே அதில் மாற்றத்துக்கே இடமில்லை. பெண்டாட்டி லியோனாவிடம் சொல்ல வேண்டியது மட்டும்தான் பாக்கி.

கான்சஸ் பக்கம் கோதுமை அறுப்பு முடிந்ததும் ஊரே ஏரிக்கரைக்குக் கிளம்பிவிடும். பள்ளிக்கூட பஸ்களைப் பழுது பார்க்கும் வெர்லினுக்கும் அப்போதுதான் விடுமுறை. அவனிடம் ஒரு மடக்கு கேம்பர் இருந்தது. காருக்குப் பின்னால் சப்பைப் பெட்டியாக ஓடி வரும். போய்ச் சேர்ந்து கைப்பிடியைச் சுற்றினால் கூரை எழும்பும். இரண்டு பக்கமும் இழுத்துவிட்டால் பக்கத்துக்கு ஒரு கட்டில் நீட்டிக்கொண்டு நிற்கும். சுவரெல்லாம் கித்தான் துணி. பார்க்கக் கண்கொள்ளாத அழகு. உள்ளே போனால் உடம்பு கொள்ளாத சூடு.

போன கோடையில் லியோனா அதற்குள் மத்தியானத் தூக்கம் போடப் போனாள். போனபோது மனுஷி. வந்தபோது பீட்ரூட். பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏரிக்கரையிலேயே இருந்த அண்ணன் ஆல்வினின் கேபினுக்கு நடந்துவிட்டாள். பின்னாலேயே வெர்லினும் போனான். விடுமுறை முழுக்க சோபாவில் முதுகை மடக்கிப் படுத்து ஆல்வினின் பேச்சைக் கேட்டான்.

ஆல்வின் கெட்டவன் இல்லை. விளக்குகிறவன். தண்ணீர் ஏன் நனைக்கிறது என்பதைக்கூட விளக்குவான். விளக்காத நேரத்தில் குறட்டை விடுவான். கதிரறுக்கும் இயந்திரம் பக்கத்து வயலில் ஓடுகிறதென்று நினைத்துக்கொண்டு எத்தனை நேரம்தான் கண்ணை மூடிக்கொண்டிருப்பது?

"இந்த வருஷம் கேம்பர்லதான் தங்கறோம்," என்றான் வெர்லின்.

"யாரு?"

"நாம."

"நாமன்னா?"

"நீயும் நானும்தான், வேற யாரு?"

"நீ தங்கு. நான் அண்ணன் கேபினுக்குப் போறேன். அங்க ஏசி இருக்கு."

"கேம்பிங்கிறது காத்தோட்டமா படுக்கிறது, லியோனா. ஏசி போட்டா அது ஓட்டல்."

"அதுக்குள்ள யாரும் படுக்க முடியாது, வெர்லின். யாரையாவது படுத்தத்தான் முடியும்."

அந்த வார்த்தை அவனுக்குச் சுருக்கென்று தைத்தது. தைத்ததோடு நிற்காமல் அவனும் தைக்க உட்கார்ந்தான். வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளித் தாள் சுருள் சுருளாக வாங்கி வந்தான். லியோனாவின் தையல் மிஷினில் ஊசி ஊசியாக ஒடித்தான். மூன்றாவது ஊசி ஒடிந்தபோது சமையலறையிலிருந்து குரல் வந்தது.

"மிஷினுக்கு வலிக்கப்போகுது. மெதுவா."

கட்டிலுக்கு ஒன்று, கூரைக்கு ஒன்று, ஜன்னல்களுக்குத் தனித்தனி என்று போர்வைகள் தயாராயின. ஒரு வெள்ளிக்கிழமை, கொல்லையில் கேம்பரை விரித்து வெள்ளியைப் போர்த்தினான். கான்சஸ் காற்று அதைப் பார்த்துக்கொண்டே இருந்தது. அவன் தண்ணீர் குடிக்க உள்ளே போன நேரம் பார்த்து, கூரைப் போர்வையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டது.

"வெர்லின்!" என்று வேலிக்கு அப்பாலிருந்து பக்கத்து வீட்டு ஒட்டிலியா கத்தினாள். "ஒங்க வீட்டுப் பறக்கும் தட்டு என் தக்காளிப் பாத்தியில எறங்கியிருக்கு!"

"அது கேம்பர் போர்வை, அக்கா. மன்னிச்சுக்குங்க. இதோ எடுத்திடறேன்."

"எப்படி எடுப்பே? என் பூனை அதுக்கடியில இருக்கு. கூப்பிட்டா வர மாட்டேங்குது."

"பயந்திருக்கும், பாவம்."

"பயமா? காலை நீட்டித் தூங்குது. இந்த வெயில்ல அது தூங்கி ஒரு வாரமாச்சு!"

வெர்லின் வேலியைத் தாண்டிக் குதித்தான். போர்வையின் ஓரத்தைத் தூக்கிக் கையை விட்டுப் பார்த்தான். அடியில் நிழல் ஜில்லென்று இருந்தது. கலைத்ததற்குப் பூனை அவனைத் திட்டியது. அவனோ பூனைக்கு முத்தம் கொடுக்காத குறைதான்.

இதையெல்லாம் லியோனா சமையலறை ஜன்னலிலிருந்து, மாவு பிசைந்த கையோடு பார்த்துக்கொண்டிருந்தாள். முட்டைக்கோஸும் கறியும் திணித்து அவள் சுடும் பீராக் ரொட்டிக்கு அந்த வட்டாரத்திலேயே பெயர் உண்டு. அன்று சாயங்காலம் அதில் இரண்டை அவன் தட்டில் கூடுதலாக வைத்தாள்.

"சரி, வரேன்," என்றாள்.

"எங்க?"

"ஏரிக்கு. ஒன் வண்டிக்குத்தான். ஆனா மூணு மணி வெயில்ல, வெளியில மரத்தடியில எவ்வளவு சூடோ, உள்ள அதுக்கு ஒரு டிகிரி கூட ஏறக் கூடாது. ஏறலன்னா நான் தோத்தேன்னு எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"ஏறுனா?"

"சோபா."

சண்டை போடாமல் லியோனா எதற்கும் ஒத்துக்கொண்டதாகச் சரித்திரம் இல்லை. அந்த இடத்திலேயே அவன் உஷாராகியிருக்க வேண்டும். வாய் நிறைய பீராக் இருந்ததால் மூளைக்கு வழியில்லாமல் போய்விட்டது.

ஏரிக்கரையில் பெரிய பருத்திவாகை மரமாகப் பார்த்து அதன் நிழலில் கேம்பரை நிறுத்தினான். இந்த முறை போர்வைகளுக்குக் கிளிப்பு, கொக்கி, ரப்பர் கயிறு எல்லாம் போட்டு இறுக்கினான். கித்தானுக்கும் போர்வைக்கும் நடுவே காற்று புகுந்து போக நாலு விரல் இடைவெளி விட்டான். எதிரெதிர் ஜன்னலைத் திறந்து குட்டி மின்விசிறி ஒன்றையும் ஓடவிட்டான். கிளை இடுக்கில் விழுந்த வெயிலில் கேம்பர் ஜொலித்த ஜொலிப்பில், படகில் போனவர்கள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக்கொண்டு கரைக்கு வந்து விசாரித்தார்கள்.

மூன்று மணிக்கு ஒரு சின்னக் கூட்டமே சேர்ந்திருந்தது. லியோனா கைப்பையிலிருந்து தெர்மாமீட்டரை எடுத்தாள். கறி வேகும்போது அடுப்புக்குள் வைப்பாளே, அது.

"அது எதுக்கு?" என்றான் வெர்லின்.

"அடுப்புக்கு எது வைப்பாங்களோ, அதுதானே வைக்கணும்?"

கூட்டம் சிரித்தது. ஆல்வின் தொப்பியைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தான். "சூடுங்கிறது என்னன்னா, மச்சான்..." என்று தொடங்கினான். அவன் பெண்டாட்டி ரோசினா அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

மரத்தடியில் தொண்ணூற்றெட்டு. உள்ளே வைத்து, காத்திருந்து, எடுத்துப் பார்த்தால் உள்ளேயும் தொண்ணூற்றெட்டு. அதற்கு மேல் ஒரு மயிரிழை இல்லை!

"நான் தோத்தேன்," என்றாள் லியோனா, எல்லார் காதிலும் விழும்படி. "இதுல மனுஷங்க தாராளமா தங்கலாம்."

வெர்லினுக்குத் தலை கால் புரியவில்லை. படிமேல் ஏறி நின்று கையை விரித்தான். "தங்கலாமாவா? இன்னும் ரெண்டு பேர் வந்தாலும் எடமிருக்கு! நம்ம வண்டி யாரையும் வேக விடாது!"

கூட்டம் கைதட்டியது. லியோனா இன்னும் பலமாகத் தட்டினாள்.

சாயங்காலம் அவள் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தாள்.

"வெர்லின், அண்ணன் கேபின்ல ஏசி நின்னுபோச்சாம்."

"அடடா."

"அண்ணனுக்கு ரத்தக் கொதிப்பு வேற. டாக்டர் சூடே ஆகாதுன்னிருக்காரு. நம்மகிட்ட ரெண்டாவது கட்டில் சும்மாதானே கெடக்கு..."

"லியோனா!"

"நீதானே எல்லார் முன்னாடியும் சொன்னே, இன்னும் ரெண்டு பேருன்னு? நான் ஒருத்தரைத்தான் கேக்கறேன்."

"அப்ப நீ?"

"அண்ணி ஒருத்தியா அந்த வெக்கையில எப்படிக் கெடப்பா? நான் தொணைக்குப் போறேன். ஈரத் துணியைப் போட்டுக்கிட்டு எப்படியோ சமாளிச்சுக்கறோம். நீங்க ஆம்பளைங்க நல்லாத் தூங்குங்க."

வெர்லின் இரண்டாவது கட்டிலுக்கு விரிப்பைத் தட்டிப் போட்டான். கட்டினால் இப்படி ஒருத்தியைக் கட்ட வேண்டும்! தான் வெந்தாலும் பரவாயில்லை என்று அண்ணனுக்காகத் தன் கட்டிலையே விட்டுக்கொடுக்கிறாள்.

ஆல்வின் தலையணையோடு வந்து சேர்ந்தான். படுக்கும்வரை மின்விசிறி எப்படிச் சுழல்கிறது என்று விளக்கினான். படுத்ததும் கதிரறுத்தான். கித்தான் அதிர்ந்தது. கிளிப்புகள் தாளம் போட்டன. சோபாவில் இருந்தபோதாவது நடுவில் ஒரு சுவர் இருந்தது. இப்போது ஒரு திரைச்சீலை. அதுவும் அவன் மூச்சு விடும்போதெல்லாம் வெர்லின் மூக்கில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனது.

பொறுத்துக்கொண்டான். அந்தப் பெண்கள் படும் பாட்டை நினைத்தால் இது எம்மாத்திரம்?

சில நாள் போயிற்று. வெயில் நூறைத் தாண்டிய ஒரு மத்தியானம், அவனால் தாங்க முடியவில்லை. மிச்சமிருந்த வெள்ளித் தாளைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டான். "ஏணியைத் தூக்குங்க, மச்சான்," என்றான்.

ஆல்வின் தூக்கினான். பாதி வழி வந்தபிறகு, "எங்க போறோம்?" என்றான்.

"ஒங்க கேபினுக்கு. ஜன்னல்ல இதை மாட்டிட்டா பொம்பளைங்களுக்குக் கொஞ்சமாவது சூடு தணியும்."

"எதுக்கு? ஏசிதான் இருக்கே."

"நின்னுபோனதைச் சொல்றேன்."

"யாரு சொன்னா நின்னுபோச்சுன்னு? போன மாசம் வாங்குன புது ஏசி. ஆட்டுக்கறியைத் தொங்கவிட்டா வாரக்கணக்கில கெடாது."

வெர்லின் நின்றான். "லியோனா சொன்னா. ஒங்களுக்கு ரத்தக் கொதிப்பு, சூடு ஆகாதுன்னு சொன்னா."

"எனக்கா? என் ரத்தம் அது பாட்டுக்கு ஓடுது." ஆல்வின் ஏணியைக் கீழே வைத்தான். முதல்தடவையாக அவன் குரல் தயங்கியது. "ஒனக்குத்தான் தனியாப் படுக்கப் பயம்னு லியோனா சொன்னா. ராத்திரி பாம்பு பாம்புன்னு உளர்றியாம். அண்ணன் பக்கத்துல இருந்தாத்தான் தைரியம், ஆனா கேக்கக் கூச்சப்படறான்னு சொன்னா. அதான் நானே வந்தேன். தூக்கம் வராம நீ முழிச்சிருக்கக் கூடாதேன்னுதான் விடாம பேசினேன், மச்சான்."

இருவரும் நடுரோட்டில் வெயிலில் நின்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வெர்லினுக்கு அந்த நேரத்தில் ஆல்வின்மேல் கொஞ்சம் பாசம்கூட வந்தது. கோபம் அதைவிட வேகமாக வந்தது.

"வாங்க, மச்சான். இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு பார்த்துடுவோம்!"

இரண்டு ஆண்கள், ஒரு ஏணி, ஒரு வெள்ளிச் சுருள். படையெடுப்பு கேபினை அடைந்தது. வெர்லின் கதவைத் தள்ளினான். ஜனவரி மாசம் முகத்தில் அடித்தது.

உள்ளே லியோனா கம்பளிச் சட்டை போட்டுக்கொண்டு சோபாவில் காலை நீட்டியிருந்தாள். ரோசினா காலில் காலுறை. நடுவில் சீட்டுக்கட்டு. பக்கத்தில் ஒரு தட்டு பீராக், ஆவி பறந்துகொண்டிருந்தது.

"லியோனா! இது என்ன?" என்று முழங்கினான் வெர்லின்.

அவள் சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "விடுமுறை."

"ஏசி நின்னுபோச்சுன்னியே!"

"நின்னுச்சே. அணைச்சோம், நின்னுச்சு. அப்புறம் போட்டோம்."

ஆல்வின் ரோசினாவைப் பார்த்தான். "நீயுமா?"

"முப்பது வருஷமா விளக்கம் கேட்டுட்டேன்," என்றாள் ரோசினா சாந்தமாக. "கொஞ்சம் சீட்டு ஆடிக்கறேனே."

வெர்லின் பேச வாயைத் திறந்தான். வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த வார்த்தைகள் குளிரில் விறைத்துப் போயிருந்தன. லியோனா எழுந்து வந்தாள். அவன் தோளிலிருந்த வெள்ளிச் சுருளைத் தடவிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்தது. உண்மையாகவே மலர்ந்தது.

"இந்த வெயில்ல எனக்காகவா தூக்கிட்டு வந்தே?"

"ஆமா," என்றான், தன்னை அறியாமல்.

"தங்கமான மனுஷன்!" கன்னத்தில் ஒரு முத்தம் கொடுத்தாள். ஆளுக்கொரு பீராக்கைக் கையில் திணித்தாள். "மேற்கு ஜன்னல்ல வெயில் கூசி, சீட்டு எதுவும் கண்ணுக்குத் தெரியல. ஏணியும் இருக்கா? நல்லதாப் போச்சு. ரெண்டு பேருமா வெளியில இருந்து மாட்டிடுங்க. அப்படியே கதவைச் சாத்து, வெர்லின், குளிரெல்லாம் வெளிய போகுது."