சீறும் கல்லும் முகூர்த்தப் பட்டும்

செந்துறைப் பக்கம் ஒரு கல் சீறுகிறதாம். சும்மா கல் இல்லை, சுருண்டு படுத்த நாகமாம். எலுமிச்சம்பழம் பிழிந்தால் நுரை தள்ளி 'ஸ்ஸ்ஸ்' என்று சீறும். சீறினால் தோஷம் இல்லை, சீறாவிட்டால் உண்டு. ஜாதகம் கூட வேண்டாம், பழம் போதும். வாட்ஸ்அப்பில் செய்தி பரவிய மூன்றே மாதத்தில் முள்ளுக்காட்டுக்கு நடுவே கார் நிறுத்துமிடம் வந்தது, கரும்புச்சாறு வண்டி வந்தது, ஒற்றைப் பழத்தை இருபது ரூபாய்க்கு விற்கும் கடையும் வந்தது. நாகத்தின் அருள் முதலில் கிடைத்தது பழக்கடைக்காரனுக்குத்தான்.

ஜெயசித்ராவுக்கு அங்கே போகும் எண்ணமே இல்லை. அவள் கிளம்பியது திருபுவனத்துக்கு, தன் முகூர்த்தப் பட்டு எடுக்க. மாப்பிள்ளை வீட்டார் பெரம்பலூரிலிருந்து வேனில் வந்து, அரியலூரில் அவளையும் அவள் அம்மா பொன்னம்மாளையும் ஏற்றிக்கொண்டார்கள். வேனை ஓட்டியது மாப்பிள்ளை கோகுலகிருஷ்ணன். அவன் பார்வையில் பாதி சாலையில், பாதி கண்ணாடியில் தெரிந்த ஜெயசித்ராவிடம். அது தெரியாத மாதிரி அவள் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

"ஏம்மா, உங்க ஊருல லாரியும் புழுதியும் விட்டா பாக்குறதுக்கு என்ன இருக்கு?" முன் சீட்டிலிருந்த கோகுலின் அம்மா செங்கமலம் மூக்கை முந்தானையால் மூடிக்கொண்டாள். பெரம்பலூரில் ஏதோ பனி பெய்வது போலத்தான் பேச்சு.

"ஒரு காலத்துல இங்க கடல் இருந்துச்சுங்க அத்தை."

"கடலா? குடிக்கவே தண்ணியக் காணோம்!"

வேனே சிரித்தது. ஜெயசித்ராவும் சிரித்தாள். சிமெண்ட் ஆலையின் ஆய்வகத்தில் சுண்ணாம்புக்கல்லைச் சோதிப்பது அவள் வேலை. கடல் போட்டுவிட்டுப் போன கல்தான் அவளுக்குச் சம்பளம் கொடுக்கிறது.

ஜெயங்கொண்டம் போக வேண்டிய வேனைச் செங்கமலம் செந்துறைப் பக்கம் திருப்பச் சொன்னாள். "அந்தக் கல்லு சீறிடுச்சுன்னா என் மனசு ஆறிடும். இல்லன்னா... புடவைய அப்புறம் பாத்துக்கலாம்."

சிரிப்பு நின்றது. பொன்னம்மாள் மகளின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

பந்தலில் சர்ப்பசித்தர் அமாவாசை வீற்றிருந்தார். காவி வேட்டி, கையில் கார்ட்லெஸ் மைக். போன வருஷம் வரை மைக்செட் வாடகைக்கு விட்டவர். ஞானம் வந்தபோது ஸ்பீக்கர்களையும் கூடவே கொண்டுவந்துவிட்டார். எதிரே தோசைக்கல் அகலத்தில் சுருள் சுருளாக ஒரு கல். யாரோ பழம் பிழிய, சித்தர் மைக்கைப் பக்கத்தில் பிடிக்க, நான்கு ஸ்பீக்கரிலும் 'ஸ்ஸ்ஸ்!' கூட்டம் கன்னத்தில் போட்டுக்கொண்டது.

கல்யாணம் நிச்சயமான வீடு என்றால் சித்தருக்குத் தனி அக்கறை. "நாகத்துக்குச் சூடு, கொஞ்சம் குளிர்ச்சி பண்ணணும்" என்று கல் முழுக்க நல்லெண்ணெய் தடவினார். ஜெயசித்ரா பழத்தைப் பிழிந்தாள். சீறல் இல்லை. ஸ்பீக்கரில் கேட்டது, வெளியே ஓர் ஆடு கத்திய சத்தம் மட்டும்.

"கடுமையான தோஷம்! மாமியா உசுருக்கே ஆபத்து. நாப்பத்தெட்டு நாள் பரிகாரம் பண்ணணும். இல்லன்னா இந்தச் சம்பந்தமே வேணாம்!"

செங்கமலத்தின் முகம் வெளுத்தது. "கோகுலு, வண்டியத் திருப்புடா."

"இரும்மா. எதுவா இருந்தாலும் அவளையும் ஒரு வார்த்தை கேளு" என்றான் கோகுல்.

கல்யாணப் பெண் தலை குனிந்து அழ வேண்டிய இடம். ஜெயசித்ராவும் குனிந்தாள், அழுவதற்கு அல்ல. பந்தலை ஒட்டிய பாதையில் ஆலை லாரியிலிருந்து சிந்திக் கிடந்த வெள்ளைக் கற்கள் இரண்டைப் பொறுக்குவதற்கு.

"அத்தை, இதுல பழத்தப் பிழியுங்க."

"எதுக்கும்மா?"

"பிழிஞ்சுதான் பாருங்களேன்."

செங்கமலம் பிழிந்தாள். வெள்ளை நுரை பொங்கியது. கோகுல் சித்தரின் கையிலிருந்து மைக்கை வாங்கிப் பிடித்தான். நான்கு ஸ்பீக்கரிலும் 'ஸ்ஸ்ஸ்!'

"லாரிலேருந்து விழுந்த கல்லுக்கும் அருள் வந்துடுச்சா அத்தை? புளிப்பு பட்டா சுண்ணாம்புக்கல்லு பொங்கும். ஆலையில தெனம் இதத்தான் பாக்குறேன்." இரண்டாவது கல்லில் சித்தரின் எண்ணெயையே தடவிப் பிழிந்தாள். மூச்சு இல்லை. "எண்ணெய் இருந்தா சாறு கல்லுல ஒட்டாது. பாவம், இப்ப இதுக்கும் தோஷம்."

"அப்ப அந்தப் பாம்பு?" என்றாள் செங்கமலம்.

"பாம்பு இல்லீங்க, கடல்ல வாழ்ந்த உயிரோட ஓடு, கல்லாப் போயிக் கெடக்கு. கடல் இருந்துச்சுன்னேனே, சிரிச்சீங்க."

கூட்டம் ஆளுக்கொரு கல்லைப் பொறுக்கியது. வழிநெடுக நாகம் சீறியது. பாப்பாயி என்றொரு பெண் பந்தலுக்குள் பாய்ந்தாள். "போன மாசம் என் மவ கல்யாணத்த நிறுத்துனியே, இந்த எண்ணெய வச்சுத்தானாடா?" சித்தரிடமிருந்து சத்தமே வரவில்லை, எண்ணெய் தடவிய கல் மாதிரி.

வேன் கிளம்பும்போது செங்கமலம் பின் சீட்டுக்கு மாறிக்கொண்டாள். "நீ முன்னால போயி உக்காரும்மா. புடவை மாம்பழக் கலரா, மயில் கழுத்தா? நீயே சொல்லு, இனிமே நான் எந்தக் கல்லையும் கேக்கமாட்டேன்." கோகுலுக்கு இப்போது கண்ணாடி தேவைப்படவில்லை.

புளிப்பு பட்டால் கல்கூடச் சீறுகிறது. மூளையோடு பிறந்த நாம், பொய் பட்டால் எப்போது சீறப் போகிறோம்?