வகுப்பறையில் ஒன்ஸ் மோர்

பயந்த சுபாவம் உள்ளவனிடம் 'இதை மட்டும் செய்துவிடாதே' என்று சொல்லக் கூடாது. அவன் அதைத் தவிர வேறு எதையும் யோசிக்க மாட்டான். கடைசியில் அதையேதான் செய்வான். நான் அந்த ரகம். கேஸ் சிலிண்டரை மூடினோமா என்ற சந்தேகத்தில் மெஜஸ்டிக் பஸ் ஸ்டாண்டு வரை போன பஸ்ஸிலிருந்து இறங்கி வீடு திரும்பியவன். (மூடித்தான் இருந்தது. கதவைத்தான் பூட்டாமல் போயிருந்தேன்.)

ஸ்ரீராம்புரத்தில் கல்யாண வீடியோ எடுப்பது என் தொழில். படிப்பு ஒன்பதாவதோடு சரி. வாத்தியார் கேள்வி கேட்பாரே என்ற பயத்திலேயே நின்றுவிட்டேன். என் மனைவியின் தங்கை கவிதா எனக்கு நேர் எதிர். பிஹெச்டி செய்துகொண்டிருந்தாள். உயர்நிலைப் பள்ளியில் எப்படிப் பாடம் நடத்துகிறார்கள் என்பது ஆராய்ச்சி. கேள்வி கேட்ட பிறகு வாத்தியார் பிள்ளைகளை யோசிக்க விடுகிறாரா, இல்லை பதிலையும் அவரே சொல்லிவிடுகிறாரா என்று பார்க்க வேண்டுமாம். அதற்காகப் பல வகுப்புகளை, மணி அடித்ததிலிருந்து மறு மணி அடிக்கும் வரை, முழுசாக வீடியோ எடுத்து வைத்திருந்தாள். பாக்கி ஒரே ஒரு வகுப்பு. வழக்கமாக எடுக்கும் பையனுக்குக் காய்ச்சல். மறுநாளிலிருந்து அந்தப் பள்ளியில் பரீட்சைக்கான ரிவிஷன். அன்றைக்குத் தவறினால் லீவெல்லாம் முடிந்து அடுத்த ஜூன்தான். அப்படித்தான் நான் உள்ளே வந்தேன்.

"மாமா, கேமராவ கடைசி பெஞ்சுக்குப் பின்னாடி வெச்சி ஆன் பண்ணிடுங்க. அப்பறம் தொடக் கூடாது. பேசவே கூடாது. நீங்க அங்க ஒரு செவுரு, அவ்ளோதான்."

"செவுரா நிக்கறதுல என்னம்மா பயம்?"

"விரிசல் வுடுமோன்னு பயப்படுவாரு பாரு" என்றாள் என் மனைவி, அடுப்படியிலிருந்து.

மர்பி டவுன் பக்கத்தில் இருந்தது பள்ளிக்கூடம். ஒன்பதாம் வகுப்பு. (நான் படிப்பை விட்ட அதே வகுப்பு.) சயின்ஸ் சார் மஞ்சுநாத், கன்னடக்காரர். தன்னை யாரோ பரிசோதிக்க வந்திருக்கிறார்கள் என்று அவருக்கும் பயம் போல. அயர்ன் செய்த சட்டையை அடிக்கடி இழுத்துவிட்டுக்கொண்டார். கவிதா ஜன்னலோரம் உட்கார்ந்தாள். நான் கேமராவை ஆன் செய்துவிட்டுச் சுவரானேன்.

பாதிப் பாடத்தில் சார் கேட்டார். "தண்ணி உறைஞ்சா ஐஸ். ரெண்டும் ஒரே பொருள்தான். அப்புறம் ஐஸ் மட்டும் ஏன் தண்ணி மேல மிதக்குது?" (கன்னடத்தில்தான் கேட்டார். நான் தமிழில் தருகிறேன்.)

யாரும் பேசவில்லை. சாரும் பேசவில்லை, காத்திருந்தார். கவிதாவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். இந்த அமைதிக்குத்தான் அவள் இத்தனை பள்ளிக்கூடம் அலைந்தாள் என்று எனக்கு எங்கே தெரிகிறது? என் தொழிலில், கல்யாண மண்டபம் திடீரென்று அமைதியானால் நகை காணவில்லை என்று அர்த்தம்.

அமைதி நீண்டது. சாரின் பார்வை ஒவ்வொரு பெஞ்சாகப் பின்னால் வந்தது. அடுத்தது நான்தான் என்று தோன்றியது. நாற்பதைத் தாண்டிய மனிதன், மீசையெல்லாம் வைத்தவன், சட்டென்று ட்ரைபாடுக்குப் பின்னால் குனிந்துவிட்டேன்.

அப்போதுதான் மூலையிலிருந்து ஒரு பெண் குரல். "சார், ஃப்ரீசர்ல பாட்டில் நெறைய தண்ணி ஊத்தி வெச்சா வெடிச்சிடுது. அப்ப ஐஸுக்கு எடம் ஜாஸ்தி வேணும். கனம் அதேதான். அதான் மிதக்குது."

நிமிர்ந்து பார்த்தேன். சபீனா என்ற பெண். வருஷம் முழுக்க வாயே திறக்காதவளாம், பிறகு சொன்னார்கள். கேமராவோ கரும்பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தது. பதில் சொன்ன முகம் பதிவாகவில்லை. தாலி கட்டும் நேரத்தில் லென்ஸ் மூடியைக் கழற்றாமல் நின்றவனுக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும், எனக்கே நடந்திருக்கிறது. அப்படி ஆனால் செய்வதற்கு ஒன்றே ஒன்றுதான் உண்டு. வாய் தானாகத் திறந்தது, பாதி கன்னடத்தில்.

"சார், ஒன்ஸ் மோர். ஸ்வல்ப ரிப்பீட் மாடி. பாப்பா, நீ உக்காந்துட்டு மறுபடி எந்திரி. இந்தப் பக்கம் பாத்து, கொஞ்சம் சிரிச்சிட்டே சொல்லு."

கேமராவைத் தூக்கிக்கொண்டு முன்னால் வந்தும் விட்டேன். கவிதா எழுந்து கையை ஆட்டினாள். 'நகருங்கள், வெளிச்சம் மறைக்கிறது' என்கிறாளாக்கும் என்று இன்னும் கொஞ்சம் முன்னால் போனேன்.

மஞ்சுநாத் சாராவது மறுத்திருக்கலாம். பாவம், ஆராய்ச்சியில் இது ஒரு கட்டம் என்று நினைத்துவிட்டார். தலையைக் கோதிக்கொண்டு, கணீரென்று அதே கேள்வியைக் கேட்டார். மொத்த வகுப்பும் கை தூக்கியது. பதிலை மொத்த வகுப்பும் கூவியது. முன் பெஞ்சில் ஒருவன் சீப்பு எடுத்துத் தலை வாரினான். இரண்டு பேர் சாருக்குப் பின்னால் போய்த் தோளில் கை போட்டு நின்றார்கள். சபீனா மட்டும் எழவில்லை.

"நான்தான் சொல்லிட்டேனே அங்கிள்" என்றாள்.

அதற்குப் பிறகு சார் பிள்ளைகளைப் பார்த்துப் பாடம் நடத்தவே இல்லை. என்னைப் பார்த்தே நடத்தினார்.

மணி அடித்தது. வராந்தாவில் கவிதா பையை மாட்டிக்கொண்டு விடுவிடென்று நடந்தாள். பின்னாலேயே ஓடி நானே ஆரம்பித்தேன்.

"மூஞ்சி வுழலியேம்மா. அதான்."

"மூஞ்சி எனக்கு எதுக்கு மாமா? பசங்க மூஞ்சி தெரியவே கூடாதுன்னு ரூல் இருக்கு. குரல் மட்டும்தான் வேணும். அது ஏற்கெனவே அழகா பதிவாயிடுச்சி."

"அப்ப அந்த பாதிய வெச்சிக்கோயேன்."

"முழு பீரியட் இருந்தாதான் கைடு ஒத்துக்குவாரு" என்றாள். திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

ஜூன் வரை காத்திருந்தாள். இந்த முறை பின்பக்க ஜன்னல் கம்பியில் போனைக் கட்டி வைத்து அவளே எடுத்தாள். நான் ஸ்கூல் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டருக்குக் காவல். ஒருவழியாக பிஹெச்டி முடித்தாள். புத்தகமாக பைண்ட் செய்து எங்களுக்கும் ஒன்று கொடுத்தாள். ஆய்வு முறை என்ற பகுதியில், பதிவு செய்தவரின் குறுக்கீட்டால் ஒரு வகுப்பு கைவிடப்பட்டது என்று இங்கிலீஷில் ஒரு வரி இருக்கிறது. பெயர் போடவில்லை; அது அவளுடைய பெருந்தன்மை.

என் மனைவிக்கு அந்தப் பெருந்தன்மை கிடையாது. வீட்டுக்கு யார் வந்தாலும் காபி கொடுத்த கையோடு அந்தப் பக்கத்தைப் பிரித்து மடியில் வைத்துவிடுகிறாள்.

"எங்க குடும்பத்துல ரெண்டு பேரு இந்த புக்ல இருக்காங்க. ஒருத்தி எழுதினா, ஒருத்தரு கெடுத்தாரு."