நாலு தட்டு தட்டினால் சரியாகிவிடும்

வண்டியில் பிரேக் பிடிக்காமல் போவது ஆபத்து. பிடித்த பிரேக் விடாமல் போவது அதைவிடப் பெரிய ஆபத்து. முதலாவதில் கை கால் போகும், இரண்டாவதில் மானம் போகும். கை காலுக்குக் கட்டுப் போட பெரம்பலூரில் ஆஸ்பத்திரி இருக்கிறது. மானத்துக்கு எங்கே போய்க் கட்டுப் போடுவது?

அப்போது நான் பெரம்பலூரில் ஒரு தனியார் பள்ளியில் கம்ப்யூட்டர் வாத்தியார். வந்த ஜாதகமெல்லாம் தட்டிப்போய், கடைசியில் ஜெயங்கொண்டத்து மகேஸ்வரியின் ஜாதகம் பொருந்தியது. போட்டோவைப் பார்த்த அன்றே எனக்குப் பிடித்துவிட்டது. (வெளியில் சொல்லவில்லை. "பாக்கலாம்பா" என்று அலட்சியமாகச் சொல்லிவிட்டு, குலதெய்வத்துக்கு ஒரு மொட்டை வேண்டிக்கொண்டேன்.)

பெண் பார்க்க எல்லோரும் வேனில் கிளம்புவதாக ஏற்பாடு. அத்தைகளுக்கும் சித்திகளுக்கும் நடுவில் நசுங்கி இறங்குகிறவன் மாப்பிள்ளையா? புதிதாக வாங்கிய என் பைக்கில்தான் வருவேன் என்று அடம்பிடித்தேன். (புதிதாக வாங்கினேனே தவிர, அது பழைய வண்டி.)

அதன் முன்சக்கரம் கொஞ்சம் இறுக்கமாக ஓடியது. டிஸ்க் பிரேக்கில் காலிப்பர் என்று ஒன்று உண்டு. அதற்குள் இருக்கும் பிஸ்டன், பிரேக்கை அழுத்தினால் முன்னால் வந்து தகட்டைக் கவ்வும், விட்டால் பின்வாங்கும். என் வண்டிப் பிஸ்டன் துருவேறி, பின்வாங்குவதற்கு மட்டும் யோசித்தது. மெக்கானிக்கிடம் விட்டிருக்கலாம். ஆனால் பாழாய்ப்போன போனில் ஒரு வீடியோ கிடைத்துவிட்டது. இந்தி வீடியோ. எனக்கு இந்தி தெரியாது. வீடியோக்காரர் சுத்தியலால் நாலு தட்டு தட்டினார், பிஸ்டன் வந்தது. ஏதோ ஒரு பாட்டிலில் இருந்ததை ஊற்றிக் கழுவினார். பார்க்க மண்ணெண்ணெய் போல இருந்ததால் அது மண்ணெண்ணெய்தான் என்று முடிவுசெய்தேன்.

நானும் நாலு தட்டு தட்டினேன், கழுவினேன், மாட்டினேன். சக்கரம் வழுக்கிக்கொண்டு சுற்றியது. அம்மா என் கையைப் பார்த்து, "பொண்ணு பாக்கப் போறியா, கரிமூட்டை தூக்கப் போறியாடா?" என்றாள். நான் ஒரு விஞ்ஞானியின் புன்னகையைப் பதிலாகத் தந்தேன்.

மண்ணெண்ணெய் பட்டால் பிரேக்கின் ரப்பர் ஊதிப்போய்ப் பிஸ்டனை இறுக்கிக்கொள்ளும் என்பதை, மறுநாள் அரியலூர் தாண்டியதும் வண்டியே எனக்குக் கற்றுக்கொடுத்தது. முழு ஆக்ஸிலேட்டரில் தேர் மாதிரி ஊர்ந்தேன். சிமெண்ட் லாரிகள் புழுதியை என் வெள்ளைச் சட்டையில் பூசிவிட்டுப் போயின. கோழிக்கூண்டு கட்டிய ஒரு மொபெட் என்னை முந்தியது. கோழிகள் திரும்பிப் பார்த்தன. வழியில் நிறுத்தி அப்பாவுக்குப் போன் போட்டேன். "முன் பிரேக் புடிச்சுக்கிச்சுப்பா, மெதுவாத்தான் வருவேன்."

"வந்து தொலைடா" என்றார் அப்பா.

பெண் வீட்டு வாசலில், கேட்டுக்குள் பாதியும் வெளியே பாதியுமாக, சக்கரம் முழுதாக நின்றுவிட்டது. தள்ளினாலும் நகரவில்லை. அப்படியே போட்டுவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். மகேஸ்வரி முந்திரிப் பக்கோடாத் தட்டோடு வந்தாள். நான் நிமிர்ந்து பார்க்கப் போன அந்த நொடியில், வாசலில் ஹாரன். அவர்கள் வீட்டு டிராக்டர், என் பைக் மறித்ததால் உள்ளே வர முடியாமல் நின்றது. "ஒரு நிமிஷங்க" என்று எழுந்து ஓடினேன். பெண்ணைப் பார்க்காமலே மாப்பிள்ளை எழுந்து ஓடினால் அந்த வீட்டில் என்ன நினைப்பார்கள் என்று யோசிக்கிற அறிவு எனக்கு அன்று வேலை செய்யவில்லை.

வெளியே காம்பவுண்டுச் சுவர் மறைவில் சக்கரத்தோடு குந்திக்கொண்டிருந்தேன். உள்ளே நடந்தது பிறகு தெரிந்தது. மகேஸ்வரியின் அப்பா, "ராகு காலம் வரப்போவுதுங்க. மாப்ளைக்குப் புடிச்சிருக்கான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்களேன்" என்றிருக்கிறார். என் அப்பா ரிட்டையரான பஸ் கண்டக்டர். அவர் குரலுக்கு விசில் தேவைப்பட்டதே இல்லை. ஜன்னலில் நின்று கத்தினார்.

"டேய், புடிச்சிருக்காடா?"

பிரேக்கைத்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். போனில் சொல்லியிருந்தேன் அல்லவா?

"நல்லா புடிச்சிருக்குப்பா!"

உள்ளே எல்லோர் முகத்திலும் சிரிப்பாம். அத்தை சர்க்கரை டப்பாவைத் திறந்தே விட்டாளாம்.

"ஆனா கூட்டிட்டுப் போவ முடியாது போலருக்கு!" (வண்டியைக் 'கூட்டிட்டு' என்று ஏன் சொன்னேன் என்பது இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.)

டப்பா மூடப்பட்டது.

"என்னடா சொல்ற?" அப்பாவின் குரல் இறங்கியது.

"பழசுதானேப்பா! முன்னாடி யார் கையில இருந்துச்சோ, சரியா கவனிக்காம வுட்டுட்டான்! நாலு தட்டு தட்டினாத்தான் வழிக்கு வரும். இங்கயே வுட்டுட்டு நாம வேன்ல போயிடுவோம்!"

சொல்லிவிட்டு நிமிர்ந்தேன். ஜன்னலில் அப்பாவின் பக்கத்தில் மகேஸ்வரியின் அப்பா. அவர் முகத்தைப் பார்த்ததும் என் கையிலிருந்த ஸ்பேனர் தானாக நழுவியது. அவருக்குப் பின்னாலிருந்து மகேஸ்வரி எட்டி, என்னையும் கேட்டில் சிக்கிய வண்டியையும் பார்த்தாள்.

"அப்பா, அவரு வண்டியச் சொல்றாரு" என்றாள். பிறகு, "என்னையப் பத்தியும் கேளுங்க. தட்டாம சொல்லச் சொல்லுங்க."

கரிக்கையோடு உள்ளே போய் நின்றேன். போட்டோ பார்த்த நாளிலிருந்து மனசுக்குள் சொல்லிப்பார்த்த வார்த்தை, தொண்டையில் பிஸ்டன் மாதிரி சிக்கிக்கொண்டது. "ஓகேங்க" என்றேன். கம்ப்யூட்டரே இதைவிடப் பாசமாகச் சொல்லும்.

மகேஸ்வரியின் அப்பா சிரிக்கவில்லை. "போயிட்டு வாங்க. நாங்களும் யோசிச்சுட்டுச் சொல்லியனுப்புறோம்" என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். டிராக்டர்காரரும் அவர் ஆளும் என் பைக்கைத் தூக்கி ஓரமாக வைத்தார்கள். அத்தைகளுக்கும் சித்திகளுக்கும் நடுவில் நசுங்கிக்கொண்டு நான் ஊர் திரும்பினேன். அழுகை வந்தது. புழுதி என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

அந்த வாரம் அப்பா என்னோடு பேசவே இல்லை. வார முடிவில் ஜெயங்கொண்டத்திலிருந்து போன் வந்தது.

"வண்டி சரியாயிடுச்சு மாப்ள, பிரேக் வுட்டுடுச்சு" என்றார் மகேஸ்வரியின் அப்பா. கொஞ்சம் நிறுத்தி, "எங்க பொண்ணுதான் புடிச்ச புடிய வுட மாட்டேங்குது" என்றார்.

நிச்சயதார்த்தத்தில் வழக்கம்போல ஒற்றைப்படையில்தான் தட்டுகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் தனியாக, துணி போட்டு மூடிய நாலு தட்டு. என்னவென்று எங்கள் சித்தி துணியை விலக்கினாள். ஒன்றில் பிரேக் ஆயில், ஒன்றில் புது ரப்பர் சீல், ஒன்றில் என் வண்டிச் சாவி, கடைசித் தட்டில் வெற்றிலை மேல் குங்குமம் வைத்த ஒரு சுத்தியல்.

"நாலு தட்டு கேட்டீங்களே மாப்ள" என்றார் மாமனார். அன்றுதான் அவர் சிரித்து நான் பார்த்தேன்.

ஜெயங்கொண்டத்தில் என் பெயர் இன்றும் 'நாலுதட்டு மாப்ள'தான். அந்தச் சுத்தியல் எங்கள் வீட்டில் பத்திரமாக இருக்கிறது. ஆயுத பூஜைக்கு முதல் பொட்டு அதற்குத்தான். அன்று தொண்டையில் சிக்கிய வார்த்தையை மட்டும் நான் இன்னும் முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. "எனக்கு உன்னப் புடி..." என்று ஆரம்பித்தாலே, மகேஸ்வரி சுத்தியலைத் தேட ஆரம்பித்துவிடுகிறாள்.