அறுப்பின் பண்டிகையில் ஏலம் போன கேசட் பெட்டி

பாறசாலை
9.11.1998

மார்த்தாண்டத்தில் ரப்பர் வியாபாரம் செய்துவரும் மதிப்பிற்குரிய பொன்னுதாஸ் அவர்களுக்கு, வில்லேஜ் ஆபீஸ் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற கனகதாஸ் ஸ்தோத்திரத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே நான், மனைவி பிரேமகுமாரி, மகள் ஜின்சி, கறவைப்பசு எல்லோரும் சுகம். அங்கே தாங்களும், எங்களுக்கு மருமகனாக வரவிருக்கும் தங்கள் குமாரனும், ரப்பர் விலையும் சுகமாயிருக்க ஜெபிக்கிறோம்.

களியக்காவிளை பஸ்ஸில் ஒரு பாட்டுக்கு முன்னால் யாரோ அலறுவதைக் கேட்டதாகவும், அது என் குரல் போலிருந்ததாகவும் எழுதியிருந்தீர்கள். என் குரல்தான். பாட்டு ஜின்சியுடையது. பெண்பார்க்க வந்தபோது அவள் சபையில் கீர்த்தனை பாடுவாள் என்று சொன்னேன். வேறென்ன பாடுவாள் என்று தாங்கள் கேட்கவில்லை.

ஜின்சியும், கூடப்படித்த லேகாவும் நந்தனாவும் சேர்ந்து ‘பார்டர் கேர்ள்ஸ்’ என்று பேர் வைத்து ஒரு கேசட் போட்டார்கள். பேரைக் கேட்டால் செக்போஸ்டில் லாரி மறிக்கிற பிள்ளைகள் என்று நினைப்பீர்கள். அட்டையில் மூன்று பேரும் கறுப்புக் கண்ணாடியோடு ஜீப்பின் மேல் உட்கார்ந்திருந்தார்கள். பாதி தமிழ், பாதி மலையாளம், மிச்சம் “ஹே ஹே”. தெய்வகிருபையால் ஒருவரும் வாங்கவில்லை. விற்காததெல்லாம் ஒரு பெட்டியில் எங்கள் கட்டிலுக்கடியில் கிடந்தது. தங்கள் சம்பந்தம் வந்ததும் அதன்மேல் எனக்குத் தூக்கம் வரவில்லை. “எதுக்கு இப்பிடி வெப்ராளப்படுதிய? பிள்ளை பாடத்தானே செய்தா, களவா எடுத்தா?” என்றாள் பிரேமகுமாரி.

அறுப்பின் பண்டிகைக்கு முதல் விளைச்சலைக் காணிக்கை வைப்பதும், ஆராதனை முடிந்து ஏலம் விடுவதும் தங்கள் சபையிலும் உண்டு. மகளுக்க முதல் விளைச்சல் இதுதானே என்று பெட்டியைக் கொண்டுபோய் மரச்சீனிக் கிழங்குக்கும் சேவலுக்கும் நடுவே வைத்தேன். ஜின்சிக்குப் பெரிய சந்தோஷம். யாரும் கேட்கமாட்டார்கள், நானே ஏலத்தில் எடுத்துவிட்டால் ரப்பர் ஷீட் காயப்போடும் புகைப்புரையில் போட்டு எரித்தாலும் கேட்க ஆளில்லை என்பது என் நினைப்பு. ஆனால் வைத்தவனே ஏலம் கேட்டால் சபையார் சும்மா விடுவார்களா? நான் கேட்கக் கேட்க மைக்செட் தங்கப்பன் ஏற்றிக்கொண்டே போனான், எல்லோரும் கைதட்ட, எனக்குக் கோபம் தலைக்கேறி, ஏலக்காரன் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கி, “எலே தங்கப்பா, விடுலே! அது எனக்க பிள்ளையாக்கும்!” என்று கத்திவிட்டேன். கேசட்டைத்தான் சொல்ல வந்தேன். தங்கப்பன் விடவில்லை, பெட்டியை அவனே ஏலத்தில் எடுத்துவிட்டான்.

யார் எவ்வளவு கேட்டார் என்று பிறகு அடிபிடி வரக்கூடாதென்று ஏலம் முழுதையும் அவன் டேப்பில் பிடித்துவைப்பானாம். அது எனக்குத் தெரியாது. குன்னத்துகால் முதல் பாலராமபுரம் வரை அவன் மைக்செட் கட்டிய கல்யாண வீட்டிலெல்லாம் என் சத்தத்தையும் சேர்த்துப் பாட்டைப் போட, கேட்டவர்கள் கடையில் போய்க் கேட்க, திருவனந்தபுரத்து கேசட் கம்பெனிக்காரர் மறுபடியும் வெளியிட்டுவிட்டார். இப்போது முதல் பாட்டே என் அலறலில்தான் தொடங்குகிறது. புது அட்டையில் ‘சத்தம்: கனகதாஸ்’ என்று அச்சடித்திருக்கிறார்கள். காட்டாக்கடை சந்தையில் வாழைக்குலை விலை கேட்டால் வியாபாரி குலையைக் கட்டிப்பிடித்து, “அது எனக்க பிள்ளையாக்கும்!” என்கிறான்.

எனவே, கல்யாணத்துக்குப் பிறகு ஜின்சி பாடக்கூடாது என்ற தங்கள் நிபந்தனை நியாயமானது. எனக்குப் பூரண சம்மதம். அவளிடம் சொன்னேன். “சரிப்பா” என்றாள். அதிலிருந்து வீட்டில் சத்தமில்லை. பால் கறக்கும்போது எப்போதும் பாடுவாள், அதுவும் இல்லை. பசுவும் பாலைச் சரியாக இறக்குவதில்லை. தீவனக் கோளாறாக இருக்கும்.

தங்கள் வீட்டார் அனைவரையும் ஆண்டவர் காத்து, ரப்பர் மரங்களையும் காற்றில் விழாமல் நிறுத்துவாராக.

இப்படிக்கு,
தங்கள் வருங்கால சம்பந்தி,
கனகதாஸ்

பி.கு.: நிச்சயதார்த்தத்துக்குத் தாங்கள் குறித்த சனிக்கிழமை தோதுப்படாது. அன்று நெய்யாற்றின்கரையில் பிள்ளைகளின் கச்சேரி. முதல் பாட்டுக்கு முன்னால் நான் சத்தம் போட வேண்டும். டேப்பைப் போட்டுக்கொள்ளலாம் என்றுதான் தங்கப்பன் சொன்னான். நேரில் வாறேன் என்று நானே சொல்லிவிட்டேன். கடிதம் நேற்று எழுதியது; இன்று காலை பசு நன்றாகக் கறந்தது. பாடக்கூடாது என்ற நிபந்தனைக்குச் சம்மதம் என்று மேலே எழுதியிருக்கிறேன், அதை அடித்துவிட்டு வாசிக்கவும். அது எனக்க பிள்ளையாக்கும்.