கள்ளிக்காட்டில் எரிந்த மில் வேட்டி

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. (நான்தான் அதை விட்டேன் என்பார் வாத்தியார். அது அவர் கட்சி.) அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு நான் செய்ததைக் கேளுங்கள். பாறையை உடைத்து இரண்டு கிணறு வெட்டினேன். அங்கே தண்ணீர் வராது என்று சொன்னவர்கள் அத்தனை பேரும் பிறகு அந்தக் கிணற்றில்தான் வந்து குடம் நிரப்பினார்கள். ஓட்டு வீடு கட்டினேன். அதற்குப் பக்கத்திலேயே மச்சு வீடும் கட்டினேன். எங்கள் வட்டாரத்தில் முதல் அரிசி மில் என்னுடையது. மூன்று லாரி ஓட விட்டேன். என்னை வெளியே அனுப்பிய அதே பள்ளிக்கூடத்துக்கு இரண்டு அறையும் கட்டிக் கொடுத்தேன். ஒரு கல்லுக்கும் இன்னொருவர் கை கொடுத்ததில்லை.

இத்தனையும் செய்த ஆள், ஒரு ஆடி மாதத்து மத்தியானம், பெண் கொடுக்க இருந்த மாமனார் முன்னால் வெறும் கோவணத்தோடு நின்றிருக்கிறேன். பெண்ணும் அங்கேதான் இருந்தாள். மறைத்து என்ன ஆகப் போகிறது? பரமத்தி வரைக்கும் தெரிந்த சேதி. என் வாயால் சொன்னால் கொஞ்சம் மரியாதையாகவாவது இருக்கும்.

யுத்தத்துக்கு முந்திய காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. ஜேடர்பாளையத்துப் பக்கம், வாய்க்கால் தண்ணீர் ஏறாத மேட்டில், அப்பன் விட்டுப்போன நாலு ஏக்கர் காடு என் பங்குக்கு வந்தது. எங்கள் பேச்சில் காடு என்றால் மழையை நம்பி விதைக்கிற நிலம். என் காடோ நிஜமாகவே காடு. சப்பாத்திக்கள்ளி ஆள் உயரத்துக்கு மேலே நின்றது. கள்ளி இல்லாத இடுக்கில் உண்ணிச்செடி புகுந்து, கட்டை கட்டையாக முற்றிக் கிடந்தது. கள்ளியை வெட்டினால் சாகாது. வெட்டுப்பட்டு விழுகிற ஒவ்வொரு மடலும் மண்ணைத் தொட்ட இடத்தில் வேர் விட்டுப் புதுக் கள்ளியாக எழுந்திருக்கும். நான் இரண்டு வருஷம் விடாமல் வெட்டினேன். கள்ளி இரண்டு மடங்கானது.

"வெதைக்காமயே இத்தன வெள்ளாம எடுக்கறவன் நீயொருத்தன்தாண்டா" என்பான் என் பங்காளி குப்பண்ணன்.

பக்கத்துக் காடு செங்கோடன் மாமாவுடையது. அவர் மகள் பாவாயி அங்கே ஆடு மேய்ப்பாள். கையில் எப்போதும் ஒரு தொரட்டி இருக்கும். நீள மூங்கிலின் நுனியில் வளைந்த அரிவாளைக் கட்டியது. அதை வேல மரத்துக் கிளையில் மாட்டி ஒரு இழுப்பு இழுத்தால் ஆட்டுக்கு வேண்டிய தழை விழும். அந்த இழுப்பைப் பார்த்துத்தான் எனக்கு அவள்மேல் ஆசை வந்தது. (தொரட்டியின் மறு பக்கத்தில் நான் இருக்கப் போவது அப்போது தெரியாது.)

பெண் கேட்டேன். மாமா வலது மீசையைத் தடவிக்கொண்டார். அந்த மீசை ஊரில் பேர் பெற்றது.

"ஏப்பா, உனக்குக் கட்டிக் குடுத்தா எம்புள்ள கள்ளிப்பழத்தத் தின்னுட்டா பொழைக்கும்? ஆடி முடியறதுக்குள்ள அந்தக் காட்டுல ஏர் ஓடறாப்பல பண்ணிக் காட்டு. கண்ணாலத்த வெச்சுக்கலாம். இல்லீன்னா கேக்கறவங்க வேற இருக்கறாங்க."

கேட்கிறவர்கள் இருந்தது உண்மைதான். பரமத்திப் பக்கம் ஒருவன் இருந்தான். கோடையிலும் வற்றாத கிணறு அவனுக்கு. எனக்கு இருந்தது ஒன்றரை மாதமும் கள்ளியும்.

ஏற்காட்டுக் காப்பித் தோட்டங்களில் பாதையில் புல் முளைக்காமல் இருக்க ஏதோ ஒரு உப்பைக் கரைத்துத் தெளிக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன். சேலத்துக்குப் பஸ் ஏறினேன். தோட்டங்களுக்குச் சாமான் அனுப்புகிற காதர் பாய் கடைவீதியில் இருந்தார். கேட்டதும் உள்ளே போய் இரண்டு டின் கொண்டு வந்து வைத்தார். திறந்து பார்த்தேன். சாப்பாட்டு உப்பு மாதிரியே வெள்ளை வெளேரென்று இருந்தது.

"தம்பி, இதுல ரெண்டு விசயம் இருக்கு, நல்லாக் கேட்டுக்குங்க. ஒண்ணு, தெளிச்ச எடத்துல ஆடு மாடு வாய் வைக்கப்படாது."

"அது தெரியுமுங்க பாய்."

"ரெண்டாவது..."

"அதுவுந் தெரியுமுங்க. பஸ்ஸுக்கு நேரமாச்சு. டின்னக் கட்டிக் குடுங்க."

பாய் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டுக் கயிற்றை எடுத்தார். டின்மேல் சிவப்பு இங்கிலீஷ் எழுத்தில் பெரிதாக என்னவோ போட்டிருந்தது. கம்பெனிக்காரன் தன் பெருமையை எழுதியிருப்பான் என்று நினைத்தேன். நானாக இருந்தால் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

உப்பைக் கரைத்துக் கள்ளிமேல் தெளித்தால், மடலின் வழுவழுப்பில் அத்தனையும் உருண்டு கீழே ஓடியது. அங்கேதான் என் மூளையைப் பாருங்கள். கரைசலில் சோற்றுக்கஞ்சியைச் சேர்த்தேன். வேட்டியில் ஒட்டுகிற கஞ்சி கள்ளியில் ஒட்டாதா? ஒட்டியது. வேப்பங்குழையைக் கஞ்சியில் முக்கி, கோயில் பூசாரி தீர்த்தம் தெளிப்பது போலக் காடு முழுவதும் தெளித்தேன். உண்ணிச்செடியை அடியோடு வெட்டி, கட்டையின் வெட்டுவாயில் பூசினேன். மற்றவன் என்றால் இந்த வேலைக்குக் கோவணத்தோடு இறங்குவான். பக்கத்துக் காட்டில் பாவாயி இருந்ததால் நான் என்னிடம் இருந்த ஒரே மில் வேட்டியைக் கட்டிக்கொண்டு இறங்கினேன்.

தினமும் அதே வேட்டிதான். கள்ளிக்குப் பாதி, வேட்டிக்குப் பாதி என்று கஞ்சி தெறித்தது. ஆடிக் காற்று அதை உடம்பிலேயே உலர்த்தியது. வண்ணான் போட்ட கஞ்சி தோற்கும்படி வேட்டி விறைத்து நின்றது. நடந்தால் ஓலை போலச் சலசலக்கும். எனக்கு அது ஒரு மிடுக்காகத்தான் பட்டது.

ஒரு நாள் வேலியோரம் அவளைப் பார்த்துத் தைரியமாகச் சொன்னேன்: "ஆட்ட இந்தப் பக்கமா உட்றாதீங்க. மருந்து அடிச்சிருக்குது."

"மருந்து கள்ளிக்குங்களா, வேட்டிக்குங்களா?" என்றாள்.

பதில் சொல்ல எனக்கு இரண்டு நாள் ஆனது. அதற்குள் அவள் வேறு பக்கம் மேய்க்கப் போய்விட்டாள்.

ஆனால் உப்பு வேலை செய்தது. கள்ளி மஞ்சளாகி, சுருங்கி, மடல் மடலாகச் சாய்ந்தது. உண்ணிக்கட்டையில் ஒரு தளிர் விடவில்லை. ஆடி முடிய ஆறு நாள் இருக்கும்போது காடு முழுவதும் காய்ந்து சருகாகக் கிடந்தது. அதை அப்புறப்படுத்துவது ஒன்றுதான் பாக்கி. நாலு ஏக்கர் முள்ளை ஆறு நாளில் யார் அள்ளுவது என்று நான் விழித்துக்கொண்டிருந்தபோது, மாமா குப்பண்ணனைக் கூட்டிக்கொண்டு பார்வையிட வந்துவிட்டார்.

ஒரு மடலைத் தடியால் தட்டினார். நொறுங்கியது.

"பரவால்லியே மாப்ளே."

மாப்ளே என்று அவர் வாயிலிருந்து வந்தது அதுதான் முதல் தடவை. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மாமா மடியிலிருந்து ஒரு சுருட்டை எடுத்து வாயில் வைத்துக்கொண்டு கேட்டார்: "நெருப்புப் பொட்டி வெச்சிருக்கறயா?"

வருங்கால மாமனாருக்குச் சுருட்டுப் பற்ற வைக்கிற பாக்கியம். முதல் குச்சியைக் காற்று அணைத்தது. இரண்டாவதையும் அணைத்தது. மூன்றாவதை அணைக்க விடுவேனா? விறைத்து நின்ற என் வேட்டியின் முன்பக்கத்தைத் தூக்கி, அவர் முகத்தைச் சுற்றித் தட்டி மாதிரி பிடித்துக்கொண்டு குச்சியைக் கிழித்தேன்.

காதர் பாயின் இரண்டாவது விஷயம் எது என்று அப்போது தெரிந்தது.

வேட்டி தீப்பிடித்தது என்று சொல்ல முடியாது. புஸ்ஸென்று ஒரே சத்தம், வாணம் கிளம்பின மாதிரி. மாமாவின் மீசையில் வலது பாதி அந்த நொடியே போய்விட்டது. நான் வட்டமாக ஓடினேன்.

"உருளுடா, கீழ உருளு" என்று கத்தினான் குப்பண்ணன்.

"முள்ளுடா, எங்கடா உருள்றது?"

அப்போது வேலிக்கு அந்தப் பக்கமிருந்து தொரட்டி வந்தது. என் இடுப்பு மடிப்பில் அரிவாள் மாட்டியது. ஒரு இழுப்பு. வேல மரத்துக்கு என்ன உண்டோ அதேதான் எனக்கும். வேட்டி அப்படியே உருவிக்கொண்டு போக, பாவாயி அதைத் தொரட்டியிலிருந்து உதறினாள். அது காய்ந்த கள்ளிக் குவியலின் நடுவில் போய் விழுந்தது. அந்தக் குவியலும் நான் ஒரு மாதம் உப்புக் கஞ்சி ஊட்டி வளர்த்தது.

பிறகு நடந்ததைத் தீ என்று சொல்வது குறைவு. நாலு ஏக்கரும் படபடவென்று வெடித்தது. நாங்கள் நாலு பேரும் ஆடுகளும் பாறைமேட்டுக்கு ஓடி ஏறினோம். பாம்புகள் எங்களுக்கு முந்திக்கொண்டு ஓடின. இரண்டு காட்டுக்கும் நடுவே கல்வரப்பு இருந்ததால் மாமாவின் காடு தப்பியது. மாமா உதட்டைக் கையால் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பாவாயி முதுகைத் திருப்பியபடியே, தொரட்டி நுனியில் ஒரு கோணிச்சாக்கை மாட்டி என் பக்கம் நீட்டினாள்.

"ஏர் ஓட்டறதுக்கு இனித் தடங்கல் இல்லீங்க மாமா" என்றான் குப்பண்ணன்.

மூன்று நாள் மாமா வெளியே தலை காட்டவில்லை. நான் வெந்த தொடைக்குக் கற்றாழை தடவிக்கொண்டு, பரமத்திக்காரனின் கிணற்றை நினைத்துக்கொண்டு படுத்திருந்தேன். எல்லாம் முடிந்தது, அவள் வேறு வீட்டுக்குப் போகப் போகிறாள் என்று அழுதும் விட்டேன். நாலாம் நாள் மாமா வந்தார். மீசையே இல்லை. மிச்சப் பாதியையும் மழித்திருந்தார்.

"ஆடி இன்னும் ரெண்டு நா கெடக்குது. காடு சுத்தமாத்தான் கெடக்குது. சொன்ன சொல்லு சொன்னதுதான்" என்றார்.

"பாவாயி என்னங்க சொல்லுது?"

"இவரத் தனியா உட்டா எரிஞ்சே போயிருவாரு, நானே போறேனுங்குது. ஆனா ஆவணி வேண்டாஞ்சாமி, தையில வெச்சுக்கலாம். மீச வளரோணும்."

தையில் கல்யாணம் நடந்தது. அடுத்த வருஷம் விதைத்த சோளம் ஒன்றுகூட முளைக்கவில்லை. உப்பு நாலு ஏக்கரையும் அந்த அளவுக்குச் சுத்தம் செய்திருந்தது. இரண்டு மழைக்காலம் கழுவிய பிறகுதான் மண் மனசு மாறியது.

இப்போது எங்கள் வீட்டில் விசேஷம் என்றால் போதும், பேரன் பேத்திகள் ஆரம்பித்துவிடுகிறார்கள். "எங்க ஆத்தா ஒரே தொரட்டியில நாலு ஏக்கர் காட்டத் திருத்துனவங்க." அவளும் மறுக்காமல் வெற்றிலையை மென்றுகொண்டு உட்கார்ந்திருப்பாள். புதிதாக வருகிற மாப்பிள்ளைகள் அவளைத்தான் கும்பிடுகிறார்கள். என்னைப் பார்த்தால் வேட்டியைப் பார்க்கிறார்கள்.

உருவி எறிந்தது அவள்தான். அதை நான் என்றைக்கும் மறுத்ததில்லை. ஆனால் எறிவதற்கு ஒரு வேட்டி வேண்டாமா? அது என்னுடையது. கஞ்சி என் யோசனை. குச்சியைக் கிழித்ததும் இந்தக் கைதான். ஆகவே இனிமேல் அந்தக் கதையை யார் சொன்னாலும் முதலில் என் பெயரைச் சொல்லட்டும். தொரட்டி அதற்குப் பிறகு வரட்டும்.