கூரை விரிக்காத கார்

அந்த ஞாயிற்றுக்கிழமை முகச்சவரம் செய்யும்போதே முடிவு செய்துவிட்டேன். இன்றோடு காரை விற்கிற பேச்சுக்கு இந்த வீட்டில் முற்றுப்புள்ளி வைக்காவிட்டால் நான் ஆண்பிள்ளையே இல்லை. கண்ணாடியில் இருந்த ஆள் சற்று யோசித்தான். அவனை நான் பொருட்படுத்தவில்லை.

கார் என்றால் ஏதோ ஒரு கார் இல்லை. எங்கள் மால்வெர்ன் மலையடிவாரத்தில் கையாலேயே செய்தது. உள்ளே மரச்சட்டம். மேலே சுத்தியலால் தட்டித் தட்டி வளைத்த தகடு. எஞ்சின் மூடியின் குறுக்கே தோல் வார். பெயர் கொடுத்துவிட்டு ஆறு வருஷம் காத்திருந்து வாங்கினேன். என் மனைவி ராஸலிண்டுக்காக நான் காத்திருந்தது எட்டு மாதம். இந்தக் கணக்கை அவளிடம் சொல்லியிருக்கக் கூடாது.

அவளுக்கும் அந்தக் காருக்கும் பதினோரு வருஷமாக ஆகாது. வீட்டு அலமாரிக்குச் செல்லரிக்காமல் மருந்து அடிக்கும்போதெல்லாம் காருக்கும் அடிக்கவா என்று கேட்பாள். அவளுடைய பெரிய குறை, கூரை. துணிக்கூரை ஒன்று உண்டு, சீட்டுக்குப் பின்னால் மடித்து வைத்திருக்கும். இந்த வகைக் கார் வைத்திருப்பவர்களுக்கு ஒரு கிளப் உண்டு, அதில் யாரும் அதை விரிக்க மாட்டோம். மழையோ, பனியோ, ஆலங்கட்டியோ, தலையைக் கொடுப்போமே தவிர கூரையைப் போட மாட்டோம். ஸ்காட்லாந்தில் ஒரு தடவை, நூற்றிரண்டு டிகிரி காய்ச்சலில், நார்மன் விரித்துவிட்டார். இன்றைக்கும் அவர் பெயர் கூரை நார்மன்.

இதுவரை வாய்ப்பேச்சாக இருந்தது, வியாழக்கிழமை வினையாகிவிட்டது. கார் வியாபாரி ஒருவன் வந்து என் காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். வரவழைத்தவள் ராஸ். அன்றிரவு எனக்குச் சோறு தண்ணி இறங்கவில்லை.

அதனால்தான் ஞாயிறு காலை ஒரு பந்தயம் கட்டினேன். அன்று மாலை லெட்பரி ஊர்ப் பக்கம் கிளப்பின் தேநீர் விருந்து. இருவரும் கூரை இல்லாமல் போவது. வழியில் முதலில் யார் கூரையைப் போடச் சொல்கிறாரோ அவர் தோற்றவர். அவள் தோற்றால் விற்கிற பேச்சே எடுக்கக் கூடாது. நான் தோற்றால் கார் அவளுடையது. அவள் அதில் கோழி வளர்த்தாலும் நான் ஏன் என்று கேட்க மாட்டேன்.

அன்று இரண்டு மணிக்கு மேல் மழை என்று எனக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும். ஐம்பது மைல் வேகத்தில் போனால் மழை முன்கண்ணாடியில் பட்டு நம் தலைக்கு மேலேயே பறந்துவிடும். ஓட்டுகிறவன் மேல் ஒரு சொட்டு விழாது. ஆனால் இடப்பக்கச் சீட்டில் மட்டும் கண்ணாடியின் ஓரமாக ஓர் ஒழுக்கு வரும், நேராகப் பிடரியில் இறங்கும். கிளப்பில் மனைவிமாரைத் தவிர எல்லோருக்கும் தெரிந்த ரகசியம் இது.

அவள் உடனே ஒப்புக்கொண்டாள். வழி மட்டும் நான்தான் சொல்வேன் என்றாள். முப்பது வருஷம் அந்தப் பக்கத்துச் சந்து பொந்தெல்லாம் கார் ஓட்டிப் போய் வீடு வீடாக ஊசி போட்ட நர்ஸ் அவள். அப்போதாவது நான் யோசித்திருக்க வேண்டும்.

நான் கிளப் மரியாதைப்படி கம்பளிக் கோட்டும் டையுமாக வந்தேன். அவள் பக்கத்து வீட்டு கெனத்தின் மீன்பிடி மழைக்கோட்டில், அகலத் தொப்பியோடு வந்தாள். இது அநியாயம் என்றேன்.

"பேச்சு கூரையப் பத்தித்தானே? தொப்பியப் பத்தி இல்லையே" என்றாள்.

மழை சொன்ன நேரத்துக்கு வந்தது. ஐம்பதில் பறந்தோம். நான் காய்ந்திருந்தேன், பாட்டுக்கூடப் பாடினேன். ஒழுக்கு அவள் கோட்டில் விழுந்து வழுக்கிக்கொண்டு போயிற்று. பிறகு இடது பக்கம் திரும்பச் சொன்னாள். சந்து. முன்னால் ஒரு டிராக்டர், நடை வேகத்தில். அதற்கப்புறம் ரயில்வே கேட், நிதானமாக ஒரு சரக்கு ரயில். மழைக்கு இப்போது பறக்க வழியில்லை, என் மடியிலேயே இறங்கிற்று. மறுபடியும் இடது பக்கம். அங்கே பால் கறக்கப் போகிற மாடுகள், சாலையை அடைத்துக்கொண்டு. பண்ணைக்காரர் அவளைப் பார்த்துத் தொப்பியைத் தொட்டார்.

"நர்ஸம்மா, நீங்க போன்ல சொன்ன மாதிரியே மூணு மணிக்கு அவுத்துட்டேன்."

"மெதுவாவே போகட்டும், அவசரமில்ல" என்றாள் ராஸ்.

என் சீட்டில் குளம் கட்டிவிட்டது. சட்டை, பனியன், அதற்கும் உள்ளே எல்லாம் ஈரம். அவள் தொப்பி நிழலில் பிளாஸ்கைத் திறந்தாள்.

"டீ வேணுமா டெரிக்?"

"வேணாம்."

"பல்லு தந்தியடிக்குதே."

"அது எஞ்சின் சத்தம்."

"எஞ்சின அணைச்சு பத்து நிமிஷமாச்சு."

ஐம்பத்து மூன்றாவது மாடு வரை தாக்குப்பிடித்தேன். அதற்கு மேல் முடியவில்லை.

"ராஸ், கூரையப் போட்டுடலாம்."

"எந்தக் கூரை?" என்று பின்னால் கைகாட்டினாள். கூரை இருந்த இடத்தில் ஒரு பிரம்புக்கூடை இருந்தது. "அதக் காலைலயே கழட்டி வீட்ல வெச்சிட்டேன். கேக்குக்கு இடம் பத்தல. நீதான் போடவே மாட்டியே."

சொல்ல வெட்கமாக இருக்கிறது. தோற்றதுகூடப் பரவாயில்லை. அந்தக் காரை வேறொருவன் ஓட்டிப்போவதைப் பார்க்க என்னால் முடியாது. கோழி வளர்த்துக்கொள், விற்றுமட்டும் விடாதே என்று கெஞ்சினேன்.

"யாரு விக்கப் போறா? அந்த ஆளுக்கு வேணாம்னு வெள்ளிக்கிழமையே சொல்லிட்டேன். பதினோரு வருஷமா இந்தப் பக்கம் உக்காந்து நனைஞ்சாச்சு. காஞ்ச பக்கம் எப்படி இருக்குன்னு பாக்கணும். எந்திரி."

எழுந்து, சுற்றி வந்து, இடது பக்கம் உட்கார்ந்தேன். கூடையை என் மடியில் வைத்தாள். மாடுகள் போனதும் எடுத்தாள் பாருங்கள் வேகம், எனக்குக்கூட அந்த வளைவுகளில் அப்படி வராது. அவள் மேல் ஒரு சொட்டு விழவில்லை. என் பிடரியைப் பற்றிக் கேட்காதீர்கள்.

பெரிய சாலையில் எதிரே எங்கள் கிளப் கார் ஒன்று வந்தது. இந்த வகைக் கார் இரண்டு எதிரெதிரே வந்தால் கையைத் தூக்கி ஒருவருக்கொருவர் மரியாதை செய்வது எங்கள் வழக்கம். நானும் தூக்கினேன்.

"கைய எறக்கு டெரிக்" என்றாள் ராஸ். "அது ஓட்டுறவங்களுக்கு."